மூன்றாவது வருஷத்து ஆட்டம்

அக்கா,

பொங்கல் முடிந்த வாரம் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார். வீடு கட்டிய நாளிலிருந்து தொடாத சுவர். வாசலில் ஏணியைச் சாய்த்து ஏறியவர் மேலேயிருந்து, "மேடம், இந்தத் திருஷ்டி பொம்மயக் கழட்டிடட்டா?" என்று கேட்டார். நான் ஆபீஸுக்குக் கிளம்புகிற அவசரத்தில் சரி என்று சொல்லிவிட்டேன். கழற்றி என் கையில் கொடுத்தார். இரண்டு கொம்பு, நெற்றியில் நெளிகிற பாம்பு, பல்பு வைத்த கண்களில் ஒன்று மட்டும் மிச்சம். தூசி தட்டலாம் என்று திருப்பினேன். உள்ளே வைத்துத் தைத்திருந்த பஞ்சிலிருந்து நீலகிரித் தைலம் வாசனை வந்தது.

உன் தலை வாசனை. ஐப்பசியில் உன்னைப் புதைத்துவிட்டு மூன்றாம் நாளே பள்ளிக்கூட ஆபீஸுக்குப் போய் ரிஜிஸ்டரைத் திறந்தவள் நான். அழாமல் நாளை ஓட்டியதில் எனக்குள் ஒரு பெருமை கூட இருந்தது. அன்று நீ அனுப்பின அந்த முகமூடியை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எட்டேகால் ரயில் போயிற்று, அடுத்ததும் போயிற்று. வெள்ளையடிக்கிறவர் பாவம், நான் எழுந்திருப்பேன் என்று பார்த்துப் பார்த்துப் பக்கத்துச் சுவருக்குப் போனார்.

மூன்று வருஷம் ஆடுகிறேன் என்று மாதாவிடம் நீ சொன்னதில் இரண்டு வருஷம் ஆடி முடித்தாய். மூன்றாவது வருஷத்தை ஆட விடாமல் செய்தவள் நான். இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான். சுற்றி வளைத்துப் பேசினால் உனக்குப் பிடிக்காது, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

எனக்கு இதயத்தில் வால்வு மாற்றிய வருஷம் நீ பொலிவியாவில், ஒரூரோ என்கிற சுரங்க ஊரில், கன்னியர் மடத்துக் கிளினிக்கில் இருந்தாய். ஆபரேஷனுக்கு முந்தின நாள் போன் செய்தாய். நைனா கையெழுத்துப் போடப் போய் இங்க் பேனாவைக் கீழே போட்டு, நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்த நேரம். "தைரியமா இரு, நான் பாத்துக்கறேன்" என்றாய். பூமிக்கு அந்தப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நீ எதைப் பார்த்துக்கொள்வாய் என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. போனை வைத்ததும் நீ நேரே மலைமேல் இருக்கிற சுரங்க மாதா கோயிலுக்கு ஏறிப் போயிருக்கிறாய். அந்த ஊர் வழக்கப்படி, என் தங்கை பிழைத்தால் மூன்று கார்னிவலுக்குச் சாத்தான் வேஷம் கட்டி ஆடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாய். நான் பிழைத்தேன். அதற்குப் பல காரணம் இருக்கலாம். நீ ஆடினது நிஜம்.

இந்த விஷயம் எதுவும் சொல்லாமல்தான் முகமூடியை எங்களுக்கு அனுப்பினாய். உன்னை ஒரூரோவிலிருந்து மலைக்குக் கீழே தூரத்து ஊர் ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள், அங்கே மூன்றாவது வருஷம் ஆட வழியில்லை. விடுமுறையில் ஊருக்கு வந்த இன்னொரு சிஸ்டர் கையில் பெட்டியைக் கொடுத்துவிட்டாய். அப்போது திருக்கழுக்குன்றம் ரோட்டில் நம் வீடு பாதி எழும்பி நிற்கிறது. ரயில்வேயில் ரிட்டயர் ஆன காசையெல்லாம் நைனா செங்கல்லாக்கிக் கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்தோம். கொம்பும் கோரைப்பல்லும் முட்டைக்கண்ணுமாய் ஒன்று எங்களைப் பார்த்தது. நானும் நைனாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வெளிநாட்டில் இருந்தாலும் பொண்ணுக்கு வீட்டு மேல எவ்வளவு அக்கறை பார் என்று நைனா என்னிடம் இரண்டு தடவை சொன்னார். அன்று சாயந்திரமே கொத்தனாரை விட்டு வாசலுக்கு மேல், சன்ஷேடுக்கு அடியில் ஆணி அடித்து மாட்டினோம்.

அந்தத் தெருவில் பூசணிக்காய்க்கு மூஞ்சி வரைந்து தொங்கவிட்டவர்கள் எல்லாம் வாய் பிளந்தார்கள். எந்தக் கடையில் வாங்கியது என்று மூன்று மேஸ்திரிகள் வந்து கேட்டார்கள். சாரம் கட்டும்போது மூங்கில் இடித்து ஒரு கண் போயிற்று.

உன் கடிதம் அதற்கப்புறம் தபாலில் வந்தது. அது மாதாவின் காலடியில் வைத்து எடுத்த முகமூடி, பத்திரமாய் மாதா படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள், கதையை நேரில் சொல்கிறேன் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு நான் மாடிப்படியில் உட்கார்ந்தேன். இறக்கிவிடலாம் என்றால் நைனா ஒத்துக்கொள்ளவில்லை, பாதி வீட்டில் இறக்கினால் ஆகாது என்றார். நீ போனில் எங்கே வைத்தீர்கள் என்று கேட்டபோது, "உள்ளதான், மாதாகிட்ட" என்று கூசாமல் பொய் சொன்னேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேட்டாய். ஒவ்வொரு தடவையும் சொன்னேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் நீ ஒரேயடியாய்த் திரும்பி வந்த அன்று ஆட்டோ வாசலில் நின்றது. நீ இறங்கி அண்ணாந்து பார்த்தாய். நீ பையைக் கீழே வைத்தாய், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாய், அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாய். மூச்சு வாங்கி, இருமி, ஆட்டோக்காரர் தண்ணீர் கொடுக்கிற அளவுக்குச் சிரித்தாய்.

"உள்ள, மாதாகிட்ட?" என்று கேட்டாய்.

நான் உன் பையை எடுத்துக்கொண்டேன். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பரவால்லடி. அவுரு வேலையே அதான். அங்கயும் வாசல்லதான் ஒக்காந்துகினு கீறாரு" என்றாய்.

அந்த வாரம் முழுக்கச் சோறு போடும்போதும் துணி மடிக்கும்போதும் கதை சொன்னாய். சுரங்கத்துக்குள்ளே, வாசலை ஒட்டியே, கொம்பு வைத்த ஒருவரை உட்கார்த்தி வைத்திருப்பார்களாம். உள்ளே போகிறவர்கள் அவருக்குச் சுருட்டு பற்றவைத்துக் கொடுத்து, மெல்லுகிற கோகா இலை வைத்து, சாராயம் ஊற்றிவிட்டுத்தான் வேலைக்குப் போவார்களாம். அவரை மாமா என்றுதான் கூப்பிடுவார்களாம். சாத்தானை மாமா என்று கூப்பிடுகிற ஊரில் என் பெண்ணை விட்டேனே என்று நைனா கேட்டதற்கு, நம்ம முனீஸ்வரனுக்குச் சுருட்டு வைக்கிறதில்லையா என்று மடக்கினாய். தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை ஊரே வேஷம் கட்டி, பேண்டு வாத்தியத்தோடு ஆடிக்கொண்டே மாதா கோயிலுக்கு ஏறுவார்கள். வாசலில் முகமூடியைக் கழற்றிவிட்டு, மாதா வரைக்கும் முழங்காலால் போவார்கள். உன் கிளினிக்குக்கு இருமலோடு வந்துகொண்டிருந்த வயதான சுரங்கக்காரர், இனி ஆட என் மூச்சு போதாது என்று தன் முகமூடியை உனக்குக் கொடுத்திருக்கிறார். கன்னியாஸ்திரி ஆடலாமா என்று உங்கள் மதரிடம் கேட்டிருக்கிறாய். அந்த ஊர்க்காரம்மா அவர். முகமூடிக்குள்ளே யார் என்று யாருக்குத் தெரியும், போய் ஆடு என்றாராம்.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை, திருநீற்றுப் புதனுக்கு முந்தின நாள், வீட்டு நாலு மூலையிலும் கோலிசோடா தெளித்தாய். அங்கே அன்றைக்கு வீட்டுக்கும் வண்டிக்கும் மாலை போட்டு பீர் தெளிப்பார்களாம், பூமித்தாய்க்கு. நான் சிஸ்டர், எனக்கு சோடா போதும் என்றாய். நைனா தன் சைக்கிளையும் கொண்டுவந்து நிறுத்தினார்.

அப்போதுதான் என்னைக் கட்டிப்பிடித்து அப்படியே நின்றுவிட்டாய். காதை என் நெஞ்சில் வைத்தாய். சத்தமில்லாத இடத்தில் என் வால்வு டிக் டிக் என்று கேட்கும். "இன்னாடி இது, உள்ள கடிகாரம் வெச்சி அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு அந்தச் சத்தத்துக்கு என் முதுகில் விரலால் தட்டினாய். இந்தத் தாளத்துக்கு ஆடிடலாம்டி என்றாய்.

நான் அப்போது சிரித்தேன். அடுத்த வருஷம் சிரிக்கவில்லை.

உன்னைச் சதுரங்கப்பட்டினம் பக்கத்து மீனவர் ஊரில், சின்ன மாதா கோயிலை ஒட்டின மருந்தகத்தில் போட்டிருந்தார்கள். பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிற வேலை. போன வருஷம் தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாய். நைனாவை விட்டு முகமூடியை இறக்கினாய், தலைவலிக்கிறது என்று நீலகிரித் தைலம் தேய்த்துக்கொண்டு மாட்டிக்கொண்டாய். ஹாலில் நாற்காலியை ஒதுக்கிவிட்டு, இரண்டடி முன்னால், ஒரு தவ்வல், இடுப்பில் கை வைத்து ஒரு திரும்பல். ஃபாதர் சம்மதித்துவிட்டார், டச்சுக் கோட்டை முனையிலிருந்து மாதா கோயில் வரைக்கும் மூன்றாவது வருஷத்தை ஆடப்போகிறேன் என்று முகமூடிக்குள்ளிருந்து சொன்னாய். எனக்கும் சந்தோஷம்தான். அப்புறம் நைனா பரணில் ஏறி, சாக்கில் சுற்றி வைத்திருந்த பறையை இறக்கினார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உனக்கும் தெரிந்த கதைதான், ஆனால் நீ பதிமூன்று வயதிலேயே ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய். ரயில்வே வேலை கிடைக்கும் வரைக்கும் நைனா சாவுக்கு அடித்தவர். பெரிய தெருவில் யாராவது செத்தால் காலனி முனையில் சைக்கிளை நிறுத்தி, "ஏய் மேளம்" என்று கூப்பிடுவார்கள். பெயர் சொல்லமாட்டார்கள். அவர் பின்னால் நான் ஓடியிருக்கிறேன். மேளம் என்கிற அந்தப் பெயர் என் மேல் ஒட்டக்கூடாது என்றுதான் ராப்பகலாய்ப் படித்தேன். எங்கள் ஆபீஸில் யாருக்கும் தெரியாது.

அன்று நான் பேசினதை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. பேண்டு வைத்துக்கொள், சிடி போட்டுக்கொள், இது வேண்டாம் என்றேன். நீ முகமூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாய்ச் சொன்னாய்: "அங்கயும் இதே கததான்டி. வெளிய இருந்து வந்தவன் அவங்க சாமியப் பாத்து சாத்தான்னான். அவங்க சண்ட போட்டுக்கினு நிக்கல. சரிப்பா, சாத்தான்னே வெச்சிக்கோன்னு கொம்ப வெச்சி, ஆடிக்கினே கோயிலுக்குள்ள இட்டாந்துட்டாங்க. உள்ள வந்தப்பறம் யாரு வெளிய அனுப்பறது?"

அதற்கு நான் சொன்னேன்: "நீ வெள்ள டிரஸ்ஸப் போட்டுக்கினு தப்பிச்சிட்ட. உன்ன எல்லாரும் சிஸ்டர்ன்றாங்க. என்ன இன்னான்னு கூப்புடுவாங்க?"

நைனா பறையை மறுபடி சாக்கில் சுற்ற ஆரம்பித்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கப் பயந்தேன். நீ வேர்த்த நெற்றியைத் துடைத்துக்கொண்டாய். உனக்காகத்தானே ஆடினேன் என்று ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தால் நான் சுருண்டிருப்பேன். நீ சொல்லவில்லை. "சரி வுடு. வர்ற வருஷம் பாத்துக்கலாம்" என்று எழுந்து, எனக்கு மாத்திரை நேரம் ஆயிற்று என்று தண்ணீர் கொண்டுவந்தாய். முகமூடி மறுபடி வாசல் ஆணிக்குப் போயிற்று.

வருகிற வருஷம் உனக்கு இல்லை. மழை பிடித்தது, உனக்கு நெஞ்சுச்சளி, அது நிமோனியா, ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, ஆக்ஸிஜன் மூடியைக் கொஞ்சம் நகர்த்தி நீ கஞ்சி குடித்த நேரத்தில், மன்னிச்சிடுக்கா என்றேன். எதற்கு என்று உனக்குத் தெரியும். "மன்னிப்பு கின்னிப்புன்னு பேஜார் பண்ணாத. கஞ்சில உப்பே இல்ல, போய் கேளு" என்றாய். நான் போய்க் கேட்டேன். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்க நேரம் அமையவில்லை.

இனி இந்த வருஷம் நடந்ததைச் சொல்கிறேன்.

முகமூடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அன்று மத்தியானம், நைனாவிடம் பறையை இறக்கச் சொன்னேன். "நீயா கேக்கற?" என்றார். ஆமாம் என்றேன். டாக்டரிடம் போய், மெதுவாய் ஆடலாமா என்று கேட்டேன். அவர் என் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, நடக்கிற வேகத்தில் ஆடு, மூச்சு வாங்கினால் உட்கார் என்றார். தினமும் ஆபீஸிலிருந்து வந்து ஹாலில் நாற்காலியை ஒதுக்கினேன். இரண்டடி, ஒரு தவ்வல். தவ்வல் எனக்கு வராது, குதிகாலைத் தூக்கி இறக்குவேன். நீ பார்த்திருந்தால் கோழி நடக்கிற மாதிரி கீது என்றிருப்பாய்.

திருநீற்றுப் புதனுக்கு முந்தின சனிக்கிழமை செங்கல்பட்டில் பஸ் ஏறினோம். நைனா மடியில் பறை, என் மடியில் நம் கொம்பு மாமா. கண்டக்டர் குனிந்து பார்த்து, "புது வூடா மேடம்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன், வேறு என்ன சொல்ல. கழுக்குன்றத்தில் ஏறின ஒரு குழந்தை மாமாவைப் பார்த்து அழுதது, சதுரங்கப்பட்டினம் வருவதற்குள் அவர் கொம்பைப் பிடித்துத் தூங்கிவிட்டது.

யாருக்கும் சொல்லவில்லை. ஃபாதருக்கு மட்டும் போன் செய்திருந்தேன். டச்சுக் கோட்டைச் சுவரோரம் இறங்கி, நைனா ஓலையைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினார். யாரும் பார்க்காமல் சட்டென்று முடித்துவிட வேண்டும் என்பதுதான் என் நினைப்பு. அவர் விரலால் ஒரு தட்டு தட்டினார், அவ்வளவுதான், ஊர் வந்துவிட்டது. வலை பின்னிக்கொண்டிருந்த ஆட்கள், கூடையோடு பெண்கள். நான் நைனாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். எட்டு வயதில் சைக்கிள்காரன் குரல் கேட்டபோது ஒதுங்கின அதே மாதிரி.

முன்னால் வந்த அம்மாவை உனக்குத் தெரியும், மீன் விற்கிற எல்லம்மா, நீ தினமும் பிரஷர் பார்த்து உப்பைக் குறை என்று திட்டுவாயே, அவர்தான். முகமூடியைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சிஸ்டரு தங்கச்சியா?" என்றார்.

தலையாட்டினேன். அவர் கூடையை இறக்கி வைத்தார். "போன வருசமே தெருவெல்லாம் பெருக்கி, தண்ணி தெளிச்சி, தோரணம் கட்டிக்கினு காத்துக்கினு இருந்தோம்மா. சிஸ்டரு வந்து, தங்கச்சிக்கு உடம்பு முடியல, அவ இல்லாம ஆடமாட்டேன், வர்ற வருசம் கண்டிப்பா இட்டுனு வரேன்னு சொல்லிட்டாங்க. உனக்குன்னு நாங்கோ எல்லையம்மனுக்குக் கூழ் கூட ஊத்தினோம்." அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இப்போ உடம்பு எப்டி கீதும்மா?"

அக்கா, அங்கே ஒருவரிடமும் நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பறைக்கு வெட்கப்பட்டேன் என்று சொல்லாமல், உடம்பு முடியவில்லை என்று சொல்லிக் காப்பாற்றியிருக்கிறாய். முகமூடி மாதா பக்கத்தில் இருக்கிறது என்று வருஷக்கணக்காய் நான் சொன்னதைவிட உன் பொய் பெரிது. பதில் சொல்ல முடியாமல் முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். உள்ளே உன் தைலம். அதற்குள் நான் அழுததை யாரும் பார்க்கவில்லை, உங்கள் மதர் சொன்னது சரிதான்.

நைனா அடித்தார். சாவுக்கு அடிக்கிற அடி இல்லை, நான் கேட்டே இராத ஒன்று. அறுபத்தொன்பது வயதில் அந்தக் கைக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நான் இரண்டடி வைத்துக் குதிகாலைத் தூக்கினேன். முகமூடியின் வாய் வழியாய்த்தான் வழி தெரிந்தது, கொஞ்சம் மணல், கொஞ்சம் பாதம். முதலில் என் பாதம் மட்டும். அப்புறம் பக்கத்தில் எல்லம்மாவின் பாதம், செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார். அப்புறம் எண்ண முடியவில்லை. பாதி வழியில் மூச்சு வாங்கியது, யாரோ பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள், உட்கார்ந்தேன், நான் எழுந்திருக்கும் வரைக்கும் நைனா ஒரே தாளத்தை மெதுவாய் அடித்துக்கொண்டு நின்றார். ஆட்டம் நின்றுவிட்டது என்று நினைக்காதே. நிற்கவில்லை.

கோயில் வாசலில் முகமூடியைக் கழற்றினேன். நீ சொன்ன மாதிரி முழங்கால் போட்டேன். நைனா பறையை வெளியே வைக்கப் போனார். ஃபாதர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உள்ளே எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார். நைனா உள்ளே வந்தார். பறையும் வந்தது. மாதா பீடத்துக்குக் கீழே மாமாவையும் பறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.

அவ்வளவு கூட்டமும் சத்தமில்லாமல் நின்றது. அப்போது டிக் டிக் என்று கேட்டது. எல்லம்மா அங்கேயும் இங்கேயும் பார்த்தார், கோயிலில் கடிகாரம் இல்லை. நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவர் குனிந்து காதை வைத்துக் கேட்டார், நீ கேட்ட மாதிரியே. எனக்கு மாதாவிடம் சொல்ல ஜெபம் எதுவும் வரவில்லை. மூணு ஆயிடுச்சி என்று மட்டும் சொன்னேன்.

வீட்டில் வெள்ளையடித்து முடித்தாயிற்று. மாமாவை மறுபடி வாசலிலேயே மாட்டிவிட்டோம், அவர் வேலை அதுதானே. போன கண்ணுக்குப் பல்பு வாங்கி வைக்கட்டுமா என்று பெயிண்டர் கேட்டார், வேண்டாம் என்றேன். பறை பரணுக்குப் போகவில்லை, ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. போன வாரம் ஆபீஸிலிருந்து என்னைப் பார்க்க வந்தவர்கள் அது யாருடையது என்று கேட்டார்கள். எங்கள் அப்பாவுடையது என்று சொன்னேன். சொல்லிவிட்டு அவர்களுக்கு டீ போடப் போனேன்.

எல்லம்மா கேட்டதற்கு நான் அன்று பதில் சொல்லவேயில்லை. அவர் உன் பேச்சை நம்பித்தான் கேட்டார், அதனால் பதிலை உன்னிடமே சொல்கிறேன். இப்போ பரவால்லக்கா. உடம்பு நல்லாத்தான் கீது.